எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை? கருப்பைவாய்ச் சோதனையும் நெல்லைச் சீமைப் பெண்களும்

இரண்டாவது பிள்ளை பிறந்த கையோடு குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டு வீடு திரும்புகிற பெண், அதன்பின் தன் உடம்புக்காக மருத்துவமனை வாசலை மிதிப்பது அரிது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வருவாள், மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க வருவாள், தனக்கென்று வரமாட்டாள். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்த அறுவையைச் செய்துகொண்டவர்கள், அதுவும் பெரும்பாலும் முப்பது வயதை எட்டும் முன்பே. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான சோதனையைத் தொடங்க வேண்டிய வயதோ முப்பது. மருத்துவமனையோடு இருந்த தொடர்பு அறுந்து போகிற அதே இடத்தில் இந்தச் சோதனை தொடங்க வேண்டியிருக்கிறது என்பதைத்தான், அம்பாசமுத்திரத்திலிருந்து உவரி வரை எந்த ஊரில் இதைப் பற்றிப் பேசினாலும், முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சோதனை வேண்டும் என்று ஒப்புக்கொண்ட பெண் அடுத்துக் கேட்பது, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்பதுதான். அதற்கு அவளுக்குக் கிடைக்கும் விடைகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. தனியார் மருத்துவமனையின் முழு உடல் பரிசோதனைப் பட்டியல் ஆண்டுதோறும் என்கிறது. வெளிநாட்டில் இருக்கும் மகள் மூன்று ஆண்டு என்கிறாள். ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் ஐந்து ஆண்டு என்கிறார். உலக சுகாதார நிறுவனம் ஐந்து முதல் பத்து ஆண்டு வரை போகலாம் என்கிறது. இவற்றில் எது சரி, எது தவறு என்று தேடுவதைவிட, ஒவ்வொரு விடையும் எந்தச் சோதனையை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது என்று பார்த்தால் குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும். இடைவெளியைத் தீர்மானிப்பவை இரண்டே: நோய் வளரும் வேகம் ஒன்று, அதைக் கண்டுபிடிக்கும் சோதனையின் கூர்மை மற்றொன்று.

இந்த நோய் மெல்ல வளர்வது. ஏறத்தாழ எல்லாக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் அடியில் இருப்பது எச்.பி.வி. என்னும் வைரசு. அதன் வகைகளில் 16, 18 என்ற எண்களைக் கொண்ட இரண்டு மட்டுமே உலகின் கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 விழுக்காட்டுக்குக் காரணமாகின்றன. இந்தத் தொடர்பை நிறுவிய ஜெர்மானிய அறிஞர் ஹெரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. உடலுறவின் வழியே பரவும் இந்த வைரசு மிகப் பரவலானது. மணவாழ்க்கையில் இருக்கும் பெண்களில் பெரும்பாலோரை எப்போதாவது ஒருமுறை தொட்டுவிட்டே போகிறது. ஆகவே வைரசு இருக்கிறது என்ற முடிவை ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. கணவனிடமிருந்து பல ஆண்டுகளுக்கு முன் வந்ததாகவும் அது இருக்கலாம். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: நம் ஊர்ப்பக்கம் பல பெண்கள் சோதனைக்கு அஞ்சுவது வலிக்காக அன்று, அந்தத் தாளில் எழுதிவரும் ஒரு சொல்லை வீட்டில் யாராவது எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்பதற்காக.

தொற்றியவர்களில் பத்தில் ஒன்பது பேரின் உடல் ஓரிரு ஆண்டுகளில் வைரசைத் தானே விரட்டிவிடுகிறது. விரட்டப்படாமல் தங்கிவிட்ட சிலரிடம் கருப்பைவாயின் மேற்புற உயிரணுக்கள் மெல்ல உருமாறத் தொடங்குகின்றன. அந்த உருமாற்றம் சிறிது சிறிதாக முற்றிப் புற்றாவதற்கு, நோய் எதிர்ப்பாற்றல் சரியாக உள்ள பெண்ணுக்குப் பொதுவாகப் 15 முதல் 20 ஆண்டுகள் பிடிக்கும். எதிர்ப்பாற்றல் குன்றியவருக்கு 5 முதல் 10 ஆண்டுகள் போதும். இருபது ஆண்டுகளாக முன்னறிவிப்புக் கொடுத்துக்கொண்டே இருக்கும் புற்றுநோய் வேறு அதிகம் இல்லை. அப்படியிருந்தும் இந்தியாவில் 2022-ஆம் ஆண்டு சுமார் 1,27,000 பெண்களுக்கு இது புதிதாக வந்ததாகவும், ஏறக்குறைய 80,000 பேர் இறந்ததாகவும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை கணக்கிட்டிருக்கிறது. அந்த நீண்ட முன்னறிவிப்பைக் கேட்க யாரும் போகவில்லை என்பதே இதன் பொருள்.

இனிச் சோதனைக்கு வருவோம். நம் பக்கத்துப் பெண் சந்திக்கக்கூடிய சோதனைகள் மூன்று. பழையது பாப் ஸ்மியர். கிரேக்கத்தில் பிறந்து நியூயார்க்கில் பணிபுரிந்த ஜார்ஜ் பாபநிக்கோலாவ் வகுத்துத் தந்த முறை இது. கருப்பைவாயிலிருந்து சுரண்டி எடுத்த உயிரணுக்களைக் கண்ணாடித் தகட்டில் பூசி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பார்ப்பவர் தேர்ந்தவராக இருக்க வேண்டும், பூச்சு சரியாக அமைய வேண்டும். இரண்டாவது, வி.ஐ.ஏ. எனப்படும் அமிலச் சோதனை. 3 முதல் 5 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகர் வகைக் கரைசலைக் கருப்பைவாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால், உருமாறிய பகுதி வெள்ளையாகத் தெரியும். ஆய்வகம் வேண்டாம், முடிவு அப்போதே தெரிந்துவிடும், பயிற்சி பெற்ற செவிலியரே செய்துவிடலாம். தமிழக அரசு 2007-இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் சோதனை முறையாகத் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் கொண்டுவந்தது இவ்வகைச் சோதனையைத்தான். மூன்றாவது, எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனை. இது உருமாறிய உயிரணுவைத் தேடுவதில்லை. உருமாற்றத்துக்கு வித்திடும் வைரசையே தேடுகிறது.

மூன்றுக்கும் கூர்மை ஒன்றில்லை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2006-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு முற்றிய உருமாற்றங்களில் ஒருமுறை எடுத்த பாப் ஸ்மியர் 53 விழுக்காட்டையும், எச்.பி.வி. சோதனை 96 விழுக்காட்டையும் கண்டுபிடித்தன. பாதியைத் தவறவிடக்கூடிய சோதனையை நம்பிப் பத்து ஆண்டு காத்திருக்க முடியாது. அடுத்தடுத்து எடுத்தால்தான் முதல்முறை தப்பியது அடுத்த முறை அகப்படும். நோய் மெல்ல வளர்வதால் அதற்கு நேரமும் இருக்கும். பாப் ஸ்மியருக்கு மூன்று ஆண்டு என்ற கணக்கு வந்தது இப்படித்தான். எச்.பி.வி. சோதனையில் இல்லை என்று வந்தாலோ நிலைமை வேறு. வித்தே இல்லாத நிலத்தில் அடுத்த ஐந்தாறு ஆண்டுகளுக்குள் மரம் நின்றுவிடப் போவதில்லை. ஐரோப்பிய நாடுகளில் 24,000-க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2008-இல் வெளியிடப்பட்ட ஆய்வு இதை எண்ணாலேயே காட்டியது. பாப் சோதனையில் குறையில்லை என்று வந்தவர்களில் மூன்று ஆண்டுக்குள் பத்தாயிரத்துக்கு 51 பேரிடம் முற்றிய உருமாற்றம் வெளிப்பட்டது. எச்.பி.வி. இல்லை என்று வந்தவர்களிடம் ஆறு ஆண்டு கழிந்த பின்னும் அது பத்தாயிரத்துக்கு 27 தான். பாப் சோதனைக்கு மூன்று ஆண்டு என்றால் எச்.பி.வி. சோதனைக்கு ஐந்து ஆண்டு என்பது சலுகை அன்று, இன்னும் பாதுகாப்பான ஏற்பாடு.

ஆண்டுதோறும் எடுத்தால் இன்னும் நல்லதல்லவா என்ற கேள்வி இயல்பானது. இதற்கு விடை 1986-லேயே கிடைத்துவிட்டது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை ஐரோப்பாவிலும் கனடாவிலும் ஒழுங்காக நடந்த பாப் சோதனைத் திட்டங்களின் தரவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டது. 35 முதல் 64 வயது வரை ஆண்டுதோறும் சோதித்தால், ஒரு பெண் முப்பது முறை போக வேண்டும். புற்றுநோய் வாய்ப்பு 93 விழுக்காடு குறையும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்றால் பத்து முறை போதும். குறைவது 91 விழுக்காடு. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை என்றால் ஆறு முறை, 84 விழுக்காடு. பத்து ஆண்டுக்கு ஒருமுறை, ஆக மூன்றே முறை போனாலும் 64 விழுக்காடு குறைந்துவிடுகிறது. இந்த எண்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பது நல்லது. பத்து முறையை முப்பது முறையாக ஆக்கியதால் கிடைக்கும் ஆதாயம் இரண்டு மூன்று விழுக்காடு. ஒருமுறைகூடப் போகாதவள் மூன்றே முறை போவதால் கிடைக்கும் ஆதாயமோ அறுபதுக்கு மேல். வசதியுள்ள ஒரு பெண்ணை ஆண்டுதோறும் அழைப்பதில் செலவாகும் உழைப்பைக் கொண்டு, இதுவரை யாரும் அழைக்காத பல பெண்களை ஒருமுறை அழைத்துவிடலாம். என்னைக் கேட்டால், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்ற விவாதம் முழுவதையும் இந்த ஒரு கணக்கின் மீதுதான் வைக்க வேண்டும்.

அடிக்கடி சோதிப்பதில் ஆதாயம் குறைவு என்பதோடு தீங்கும் உண்டு. தானே மறைந்துபோகவிருந்த வைரசும் சிறு உருமாற்றமும் அகப்பட்டு, தேவையற்ற திசுப் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் வழிவகுக்கும். முப்பதுக்கும் குறைந்த வயதில் இது இன்னும் மிகுதி. அந்த வயதில் தொற்று மிகப் பரவல், தானே நீங்குவதும் மிகப் பரவல். கருப்பைவாயின் ஒரு பகுதியை வெட்டியெடுக்கும் சிகிச்சை, பின்னாளில் குறைமாதப் பிரசவத்துக்கான வாய்ப்பைச் சற்றுக் கூட்டவும் கூடும். இருபத்திரண்டு வயதில் புதிதாக மணமான பெண்ணை அச்சத்தால் எச்.பி.வி. சோதனைக்கு இழுத்துச் செல்வது அவளுக்குச் செய்யும் நன்மையாகாது.

இன்றைய பரிந்துரைகளை இந்தப் பின்னணியில் படித்தால் அவை ஒன்றோடொன்று மோதுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பொதுவான பெண்களுக்கு முப்பது வயதில் தொடங்கி எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனையை 5 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை செய்யச் சொல்கிறது. அந்தச் சோதனைக்கு வசதி வரும்வரை அமிலச் சோதனையோ பாப் ஸ்மியரோ என்றால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. எச்.ஐ.வி. தொற்றுள்ள பெண்களுக்கு 25 வயதிலேயே தொடக்கம், இடைவெளி 3 முதல் 5 ஆண்டு. நடுவண் அரசு 2016-இல் வகுத்த நடைமுறைப்படி 30 முதல் 65 வயது வரை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அமிலச் சோதனை. ஆஸ்திரேலியா இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பாப் என்றிருந்ததை 2017 டிசம்பரில் கைவிட்டு, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை எச்.பி.வி. சோதனைக்கு மாறிக்கொண்டது. இங்கிலாந்தும் 25 முதல் 49 வயதுப் பெண்களில் வைரசு இல்லை என்று வந்தவர்களுக்கு 2025 ஜூலை முதல் மூன்று ஆண்டை ஐந்தாக நீட்டிவிட்டது. வசதி மிக்க நாடுகள் இடைவெளியைக் கூட்டுவது சிக்கனத்துக்காக மட்டுமன்று. சோதனை கூர்மையாகிவிட்டது என்பதே முதற்காரணம்.

இதற்கான சான்றுகளில் மிக வலுவானவை நம் மண்ணிலிருந்தே கிடைத்தவை. திண்டுக்கல் மாவட்டத்தின் அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு, 30 முதல் 59 வயது வரையுள்ள கிராமத்துப் பெண்களிடையே ஓர் ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் ஒரே ஒருமுறை அமிலச் சோதனை செய்து, தேவைப்பட்டவர்களுக்கு உறைய வைக்கும் சிகிச்சையும் அளித்தார்கள். 2007-இல் வெளிவந்த முடிவின்படி, சோதிக்கப்படாத ஊர்களோடு ஒப்பிட, அங்கு நோய் 25 விழுக்காடும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. மராட்டியத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,31,746 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2009-இல் வெளியானது. வாழ்நாளில் ஒரே ஒரு எச்.பி.வி. சோதனை, எட்டு ஆண்டுத் தொடர் கவனிப்பில் இறப்பை ஏறத்தாழப் பாதியாக்கியிருந்தது. அந்தச் சோதனையில் வைரசு இல்லை என்று வந்தவர்களில் ஒருவர்கூட அந்த எட்டு ஆண்டில் இந்நோயால் இறக்கவில்லை. அதே ஆய்வில் ஒருமுறை அமிலச் சோதனையோ ஒருமுறை பாப்போ செய்துகொண்ட பிரிவுகளில் இறப்பு தெளிவாகக் குறையவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. மும்பைக் குடிசைப் பகுதிகளில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாக நான்கு சுற்று அமிலச் சோதனை செய்தபோதுதான் இறப்பு 31 விழுக்காடு குறைந்தது. கூர்மை குறைந்த சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும், கூர்மை மிகுந்ததை நீண்ட இடைவெளி விட்டுச் செய்யலாம் என்ற விதி நம் பெண்களின் உடலிலும் உறுதிப்பட்டது.

ஆனால் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுள்ள தமிழகப் பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்தச் சோதனை செய்துகொண்டவர்கள் பத்து விழுக்காட்டை ஒட்டித்தான். இந்திய அளவில் இரண்டு விழுக்காட்டையும் எட்டவில்லை என்பதால் நாம் முன்னணியில் இருப்பதாகச் சொல்லலாம். பத்தில் ஒன்பது பேர் விடுபட்டிருக்கும்போது அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் ஆலங்குளம் பக்கத்திலும் திண்ணையில் தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களுக்கு ஒரு நாள் என்பது ஆயிரம் பீடிக்கான கூலி. மருத்துவமனைக்குப் போகும் நாளில் இலை நறுக்குவதும் இல்லை, கட்டுக் கட்டுவதும் இல்லை, கூலியும் இல்லை. களக்காட்டு வாழைத் தோட்டங்களில் வேலை செய்பவருக்கும் இதே நிலைதான். ஆண்டுதோறும் வா என்று இவர்களிடம் சொன்னால், வராமலிருக்க ஒரு நியாயமான காரணத்தை நாமே கொடுத்தவர்களாவோம். முப்பத்தைந்து வயதுக்குள் ஒருமுறை, நாற்பத்தைந்துக்குள் இன்னொரு முறை என்று சொன்னால் அது அவர்கள் வாழ்க்கைக்குள் அடங்கும். உலக சுகாதார நிறுவனம் 2030-க்கு வைத்திருக்கும் இலக்கும் இதுவே: 35 வயதுக்குள் ஒருமுறையும் 45 வயதுக்குள் மறுமுறையும் கூர்மையான சோதனை, நூற்றில் எழுபது பெண்களுக்கு. இந்தியா உட்பட ஐந்து நாடுகளை வைத்து 2005-இல் செய்யப்பட்ட ஒரு கணிப்பாய்வு, 35 வயதில் ஒரே ஒரு சோதனை வாழ்நாள் ஆபத்தை 25 முதல் 36 விழுக்காடு வரை குறைக்கும் என்றது. எச்.பி.வி. சோதனைக்கான மாதிரியைப் பெண் தானே எடுத்துக் கொடுக்கலாம் என்பது இங்கே பெரிய வசதி. மறைப்புக்குப் பின்னே சிறு பஞ்சுக்குச்சியோ தூரிகையோ கொண்டு எடுத்து உறையிலிட்டுக் கொடுத்துவிட்டால் போதும். மேசையில் படுத்துக் கால் விரித்துக் காட்ட வேண்டியதில்லை. கூச்சமே தடையாக இருக்கும் ஊரில் இதன் மதிப்பு சொல்லி முடியாது.

இடைவெளி சோதனையின் வகையைப் பொறுத்தது என்றால், எந்தச் சோதனை, எப்போது செய்யப்பட்டது என்று பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் பெண்கள் தேதியை நாள்காட்டியால் நினைவு வைப்பதில்லை. தாமிரபரணி புஷ்கரத்துக்கு முந்தின வருசம், வெள்ளம் வந்த மார்கழி என்றுதான் சொல்வார்கள். புஷ்கரம் 2018 அக்டோபரில். அதற்கு முன் அமிலச் சோதனை செய்தவருக்கு எந்தக் கணக்கிலும் தவணை கடந்துவிட்டது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டிலிருந்த தாள்களோடு மருத்துவச் சீட்டும் போயிருக்குமானால், செய்தது எது என்று தெரியாத நிலையில் மறுபடி ஒருமுறை செய்துகொள்வதே ஏற்றது. சோதனை முடிந்ததும் அதன் பெயர், தேதி, முடிவு மூன்றையும் எழுதி வாங்கிக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்வது சிறு வேலைதான். அடுத்த தவணையை அதுவே சொல்லிவிடும்.

வைரசு இருக்கிறது என்று முடிவு வந்தால் அது புற்றுநோய் என்று பொருளாகாது. அடுத்த கட்டமாகக் கருப்பைவாயைப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள், தேவையானால் சிறு திசு எடுப்பார்கள். உருமாற்றம் இருந்தால் சூட்டாலோ குளிராலோ அந்தப் பகுதியை அழிப்பது, மின்கம்பி வளையத்தால் எடுத்துவிடுவது ஆகியவை பெரும்பாலும் அன்றே வீடு திரும்பக்கூடிய சிகிச்சைகள். அதன்பின் ஓர் ஆண்டில் மறுசோதனை. வைரசு இருந்தும் அடுத்த கட்டச் சோதனையில் குறை தெரியாதவர்களுக்கு இரண்டு ஆண்டில் மறுசோதனை. அப்போது இல்லை என்று வந்தால் பழைய இடைவெளிக்குத் திரும்பலாம். இந்த இடத்தில் ஐந்து ஆண்டு விதி செல்லாது. ஊரிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதனை செய்துகொண்டு, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி எழுதிக்கொடுத்த சீட்டை முந்தானையில் முடிந்துவைத்து, அறுவடை முடியட்டும், கோயில் கொடை முடியட்டும் என்று தள்ளிப்போடும் பெண்ணுக்கு அந்தச் சோதனையால் ஒரு பயனும் இல்லை. அம்பிளிக்கையில் உயிர்கள் தப்பியது சோதனையால் மட்டுமன்று, சோதித்த செவிலியரே சிகிச்சையையும் செய்ததால்.

எந்த இடைவெளிக்கும் கட்டுப்படாத நிலைகளும் உண்டு. உறவுக்குப் பின் இரத்தம் படுதல், மாதவிலக்கு நின்று ஓராண்டு கழிந்தபின் மீண்டும் உதிரம் காணுதல், நாற்றத்தோடு நீங்காத வெள்ளைப்படுதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால், போன ஆண்டுதான் சோதித்தேன் என்று இருந்துவிடக் கூடாது. அது தவணைச் சோதனைக்குரிய நேரமன்று, உடனே மருத்துவர் பார்க்க வேண்டிய நேரம். எச்.பி.வி.க்கு எதிரான தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் முப்பதில் சோதனைக்கு வர வேண்டும், ஏனெனில் ஊசி எல்லா வகை வைரசையும் தடுப்பதில்லை. கட்டிக்காகவோ அதிக உதிரப்போக்குக்காகவோ கருப்பையை வாயோடு முழுமையாக எடுத்துவிட்டவர்களுக்கு, முன்பு முற்றிய உருமாற்றம் இருந்திராவிட்டால், சோதனை தேவையில்லை. ஆனால் சிலருக்குக் கருப்பையை மட்டும் எடுத்து வாயை விட்டுவைப்பது உண்டு. கர்ப்பப்பையை எடுத்தாச்சு என்ற ஒரே சொல்லில் இரண்டும் அடங்கிவிடுவதால், அறுவை செய்த இடத்தின் சீட்டைக் காட்டிக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

எப்போது நிறுத்தலாம் என்பதும் இடைவெளிக் கேள்வியின் ஒரு பகுதிதான். ஐம்பது வயதுக்குப் பிறகு, முறைப்படியான இடைவெளியில் செய்த இரண்டு சோதனைகள் அடுத்தடுத்துக் குறையில்லை என்று வந்திருந்தால் நிறுத்திக்கொள்ளலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாதவிலக்கு நின்ற பின் உருமாற்றம் தொடங்கும் பகுதி உள்ளே இழுத்துக்கொள்வதால், கண்ணால் பார்க்கும் அமிலச் சோதனை அந்த வயதில் நம்பத்தக்கதன்று, எச்.பி.வி. சோதனையோ பாப்போதான் பொருந்தும். இந்தச் சலுகை சோதித்தவர்களுக்கு மட்டுமே உரியது. பேரன் பேத்தி எடுத்து, இனி எனக்கெதற்கு என்று சொல்லும் அறுபது வயதுப் பெரியம்மா ஒருமுறைகூடச் சோதித்ததில்லை என்றால், வயது அவருக்கு விலக்கு ஆகாது. மகளை அழைத்துப் போகும் அதே பேருந்தில் அவரையும் அழைத்துப் போக வேண்டும்.